உச்சியில் சுரண்டாத கம்பி

கோபம் வந்தால் கத்துகிற ஆள் நான் இல்லை. கத்தித் தொலைத்திருந்தால் இதை எழுதவேண்டிய வேலையே இருந்திருக்காது. எனக்குக் கோபம் வந்தால் சிரிப்பேன், டீ வாங்கிக் கொடுப்பேன், வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு கறுவுவேன். கல்யாணமான முதல் வருஷமே என் பெண்டாட்டி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். “இவுக சிரிச்சா ஒதுங்கிக்கிரணும்” என்று அவள் தங்கச்சியிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

அல்லிநகரத்தில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார், மாவு மில் மோட்டார் எது எரிந்தாலும் பழைய காயிலை வெட்டி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். அது வயிற்றுக்கு. ஆசைக்கு அமெச்சூர் ரேடியோ, வீட்டில் உட்கார்ந்தபடியே காற்றுவழியாக வெளியூர்க்காரர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. செம்புக் கம்பியிலேயே கிடந்து புரளுகிறவனுக்கு ஆன்டெனா கட்டுவது என்ன பெரிய காரியம்? தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் ரேடியோ வைத்திருக்கிற பத்துப் பன்னிரண்டு பேர் வீட்டிலும் தொங்குவது என் கை பட்ட கம்பிதான். அதில் எனக்குக் கொள்ளைத் திமிர்.

நான் கட்டுவது லூப். ஒரு நீளமான கம்பியை மரத்துக்கு மரம் இழுத்து முக்கோணமாகவோ சதுரமாகவோ ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து, இரண்டு முனைகளையும் ரேடியோவிலிருந்து வரும் கேபிளில் சேர்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் வளையம் நடுவில் எங்கேயும் அறுபடக் கூடாது. நீளமும் கணக்காக இருக்க வேண்டும். இந்த நீளத்தில்தான் நான் மாட்டினேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் கூடுவோம். அப்படி ஒரு ஞாயிறு புதிதாக ஒருவர் வந்தார். மேகமலையில் ஒரு எஸ்டேட்டில் கிளார்க்கு. ஐம்பதைத் தாண்டிய வயசு, ஒல்லி, சட்டைப் பையில் இரண்டு பேனா. அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தார். புத்தகமாகப் படித்துத் தேறியவர் என்று இரண்டு வார்த்தை பேசினாலே தெரியும். நான் வழக்கம்போல லூப்புக்கு நீளம் போடும் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ரொம்பப் பணிவாக, “அண்ணே, தப்பா நினைக்காதீக. நீங்க சொல்றது நேர்க் கம்பிக்கான கணக்கு. அதை ரெண்டால பெருக்கினா லூப்பு பத்தடி கட்டையாப் போகுமே” என்றார்.

நான் சிரித்தேன். எங்களில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் உண்டு. அந்த மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். போனை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டு, கிளார்க்கு சொல்வதுதான் சரி என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியென்றால் இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் தொங்குவதெல்லாம் கட்டை லூப்பா என்று ஒருவர் கேட்டார். கடையே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் ‘கட்டை லூப்பு’. அடுத்த நாள் காலை ரேடியோவிலேயே அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தார்கள். எத்தனை வீட்டில் எத்தனை மொட்டை மாடி ஏறியிருப்பேன், எத்தனை தென்னை மரத்தில் கயிறு வீசியிருப்பேன்! எல்லாம் அந்த ஒரு சிரிப்பில் போயிற்று.

கிளார்க்கு மட்டும் சிரிக்கவில்லை. என் பின்னாலேயே ரோடு வரைக்கும் வந்து, எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சிருங்க என்றார். அது எனக்கு இன்னும் எரிந்தது. பிறகு, தனக்கு ஒரு லூப் கட்டித்தர முடியுமா என்று கேட்டார். புத்தகத்தில் படித்ததோடு சரி, கைவேலை வராது, உங்களை மாதிரிக் கை யாருக்கு இருக்கு என்றார். வருகிறேன் என்று சொன்னேன். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறுகிற ரோட்டில் போனால் இடுப்பெலும்பு தனியாகக் கழன்று வரும். எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு தகரக் கூரை வீட்டில் அவர் ஒண்டியாக இருந்தார். பெண்சாதி இறந்துவிட்டது, மகள் கல்யாணமாகித் திருப்பூரில். அந்த இடத்தில் போன் சிக்னல் கிடையாது. போன் பேச வேண்டுமென்றால் இரண்டு மைல் நடந்து ஒரு வளைவில் போய் நிற்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் நெடுநெடுவென்று ஒரு சில்வர் ஓக் மரம். அதன் உச்சியிலிருந்து கம்பி இரண்டு பக்கமும் சரிந்து இறங்கி, கீழே கிடையாக ஓடி நடுவில் சேர்கிற மாதிரி முக்கோணமாகக் கட்டுவது என்று முடிவு செய்தோம்.

கம்பி என் கடைக் கம்பி. இரண்டு துண்டாக இருந்தது. திட்டம் போட்டு இரண்டு துண்டாகக் கொண்டுபோனேனா என்றால், இல்லை. மிச்சம் கிடந்தது அவ்வளவுதான். காயில் கட்டும் கம்பிக்கு மேல் எனாமல் பூச்சு உண்டு. பார்த்தால் தெரியாது, வெறும் செம்பு மாதிரியே மின்னும். அதைப் பிளேடால் சுரண்டி எடுக்காமல் முறுக்கி ஈயம் வைத்தால், ஈயம் மேலே உருண்டு உட்கார்ந்திருக்கும், கரண்ட் போகாது. எங்கள் தொழிலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் இது. கீழே கேபிளில் சேர்க்கிற இரண்டு முனைகளையும் கடையிலேயே சுரண்டிக்கொண்டு போயிருந்தேன். உச்சியில் வருகிற இணைப்பு ஒன்றுதான் பாக்கி.

அவர் நான் அளந்த கம்பியை டேப் வைத்து மறுபடியும் அளந்தார். பிறகு நோட்டில் எழுதியிருந்த கணக்கைப் பார்த்து, “நூத்தி நாப்பத்தொண்ணரை அடி. இப்ப சரியா இருக்குண்ணே” என்றார். அந்த ‘இப்ப’ என்ற சொல் என் நெஞ்சில் போய்க் குத்தியது. பிளேடு என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. இரண்டு துண்டையும் அப்படியே முறுக்கி, மேலே அழகாக ஈயம் வைத்து, டேப் சுற்றி, அதற்கு மேல் எம்-சீல் அப்பினேன். கரண்ட் ஓடுகிறதா என்று மீட்டர் வைத்து ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று கேட்டார். நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். கயிற்றை இழுத்தோம். இணைப்பு நாற்பது அடி உயரத்துக்குப் போய் நின்றது.

ஒரு வாரம் அலையட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

உச்சியில் அறுபட்ட லூப்பில் ஒரு விசித்திரம் உண்டு. அடுத்தவர் பேசுவது ஓரளவுக்கு நன்றாகவே கேட்கும். நாம் பேசினால் மட்டும் போகாது. அனுப்பிய சக்தி திரும்பி வரும், ரேடியோ பயந்துபோய்த் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். அவருக்கு எல்லார் குரலும் கேட்டது, அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. ஜீப் டிரைவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார். மலையில் ஈரம் அதிகம், கம்பியைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள் என்று பதில் எழுதினேன். நகர்த்தினார். பாறையை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள் என்று எழுதினேன். தள்ளிக் கட்டினார். கீழ்ப் பக்கம் ஒரு அடி குறையுங்கள் என்றேன். குறைத்தார். பிறகு கூட்டச் சொன்னேன். அட்டை கடிக்கக் கடிக்க ஒவ்வொரு ஞாயிறும் அந்த மனுஷன் மரத்தடியில் நின்றார்.

அவரிடம் மீட்டர் இருந்தது. கீழே இறக்கி இரண்டு முனையிலும் வைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். வைக்கவில்லை. ஒரு தடவை என்னைச் சபையில் திருத்தியாகிவிட்டது, நான் பார்த்துவிட்டேன் என்று சொன்ன இடத்தை மறுபடியும் சோதித்தால் என்னை அவமானப்படுத்துவதாகும் என்று அவர் நினைத்திருக்கிறார். பிறகொரு நாள் அவரே சொன்னார். எனக்குக் கொடுத்த மரியாதையில் அவர் ஏமாந்தார்.

நானோ டீக்கடையில், புத்தகக்காரர் லூப்பு ஊமையாக நிற்கிறது, அளவு மட்டும் ரொம்பச் சரி என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். கட்டை லூப்பு என்கிற பெயர் மெல்ல மறந்துபோயிற்று. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் அவர் கடைக்கே வந்தார். கோடையில் மோட்டார்கள் எரிந்து வந்து கடை நிறையக் கிடந்தன. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, தான் லைசென்ஸ் வாங்கியதே எதற்கு என்று சொன்னார்.

தினமும் காலை ஏழு மணிக்கு எங்கள் தமிழ்க் கூட்டம் ரேடியோவில் கூடும். அதை நடத்துகிறவர் தூத்துக்குடிக்காரர், கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலுக்கு நாங்கள் எல்லாருமே அடிமை. அந்தத் தூத்துக்குடிக்காரர் தன் கூடப்பிறந்த அண்ணன் என்றார் கிளார்க்கு. அனுமந்தன்பட்டியில் ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்; கப்பல் வேலைக்குப் போன அண்ணன் தூத்துக்குடியிலேயே தங்கிவிட்டார். அப்பா இறந்தபோது மழையில் மேகமலை ரோடு அடைபட்டு, இவர் இறங்கி வருவதற்குள் கல்லறையில் மண் தள்ளி முடித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அப்பாவோடு சின்னச் சண்டை இருந்ததால், வேண்டுமென்றேதான் வரவில்லை என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். இனி உன் குரலே என் காதில் விழக் கூடாது என்று சொன்னவர், இருபது வருஷமாகப் பேசவில்லை. போன் போட்டால் கட் செய்துவிடுவார். நேரில் போனால் கதவு திறக்காது.

“ஆனா காத்துல கூப்பிட்டா அவுக பதில் சொல்லித்தேன் ஆகணும்ணே. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாம விட்டதே இல்ல. எதிரியா இருந்தாலும் சொல்லுவாக. அந்த ஒரு முறையை அவுக மீற மாட்டாக” என்றார் கிளார்க்கு.

உண்மைதான். எங்களில் அது வழக்கம். கூப்பிட்ட ஸ்டேஷனைத் தெரிந்தே ஒதுக்குவது ஈனத்தனம். தினமும் காலையில் அண்ணன் குரலைக் கேட்பதாகவும், தானும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதாகவும் சொன்னார். அண்ணனுக்கு இருமல் கூடிக்கொண்டே போகிறது, கவனித்தீர்களா என்று கேட்டார். நான் கவனித்திருந்தேன்.

என் முன்னாலேயே மேசையில் பிளேடு கிடந்தது. உச்சி இணைப்பை இறக்கிச் சுரண்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அன்றைக்கு ஏன் சுரண்டவில்லை என்ற கேள்வி வரும். டீக்கடைக்குப் போகும். கட்டை லூப்பு என்பது போய் அதைவிடக் கேவலமான பெயர் வரும். எனக்கு என் பெயர்தான் பெரிதாக இருந்தது. வேலை கொஞ்சம் ஓயட்டும், நானே மேலே வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போகும்போது எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேண்டுமென்றே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தூத்துக்குடிக்காரர் எல்லாரையும் வரிசையாகக் கூப்பிட்டு முடித்துவிட்டு, வழக்கம்போலக் கடைசியில் கேட்டார்: “வேற யாரும் விட்டுப்போச்சா? யாருக்காச்சும் மெல்லிசாக் குரல் கேட்டா ரிலே பண்ணுங்க.” ரிலே என்றால், ஒருவர் குரல் தூரத்தில் இருப்பவருக்கு எட்டாதபோது, நடுவில் கேட்கிற ஆள் அதை வாங்கிச் சொல்வது. அதுவும் வழக்கம்தான். கேட்டவன் சொல்லியே ஆக வேண்டும்.

அப்போது இரைச்சலுக்கு அடியில், கொசு முனகுகிற மாதிரி எனக்குக் கேட்டது. பக்கத்து மலை என்பதாலும், அதற்கென்றே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாலும், அறுபட்ட லூப்பில் கசிந்த கொஞ்சநஞ்சமும் எனக்கு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. முதலில் லைசென்ஸோடு கொடுக்கிற அடையாளப் பெயரான கால்சைனைச் சொன்னார். பிறகு, “அண்ணே, நான்தேன். கேக்குதா?”

பேசுவதற்கு அமுக்க வேண்டிய மைக் பட்டன்மேல் என் கட்டைவிரல் இருந்தது. அமுக்கவில்லை.

அடுத்த நாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாக வேண்டிய காரியம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிந்திருப்பதில் ஒரு ருசி இருந்தது. இருபது வருஷக் கோபக்காரர் ஒருவர் அங்கே, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டவர் ஒருவர் இங்கே, நடுவில் நான். கூட்டம் முடிந்ததும் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கடை திறக்கப் போவேன்.

ஆனியில் மழை பிடித்தது. மேலே போகாததற்கு நல்ல சாக்குக் கிடைத்தது. பிறகு ஆடி, ஆவணி என்று நாள் தள்ளிப்போயிற்று. தூத்துக்குடிக்காரர் கூட்டத்தை நடத்துவதை வாத்தியாரிடம் ஒப்படைத்தார். வந்தாலும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு இருமுவார். ஆனால் கடைசியில் ஒரு தடவை வந்து, விட்டுப்போனவர்கள் இருக்கிறார்களா என்று கேட்காமல் போக மாட்டார். கேட்டுவிட்டு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரமே காத்திருப்பார். அவருக்கு ஏதாவது தெரிந்திருந்ததா, யாராவது சொல்லியிருந்தார்களா, எனக்குத் தெரியாது. அந்தக் காத்திருப்பிலும் எனக்கு மட்டும் அந்த முனகல் கேட்கும்.

ஐப்பசியில் ஒரு காலை வாத்தியார் கூட்டத்தைத் தொடங்கியதுமே தொண்டையைச் செருமினார். தூத்துக்குடி அய்யா முந்தின நாள் ராத்திரி இறந்துவிட்டதாகவும், அன்று மாலை அடக்கம் என்றும் சொன்னார். ஒவ்வொருவராக இரங்கல் சொன்னோம். நானும் சொன்னேன், குரல் கம்மச் சொன்னேன். சொல்லி முடித்துக் கையை எடுத்ததும் அடியில் அந்த முனகல் வந்தது. “அது எங்கண்ணன்... நான் அவுக தம்பி... எங்கண்ணன்...” திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அழுகிறாரா என்பதுகூடத் தெரியாத அளவுக்கு மெல்லிய குரல்.

வாத்தியார் கேட்டார், யாராவது விட்டுப்போச்சா என்று. பிறகு, மலைப்பக்கம் ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது, பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு ஏதாவது கேட்கிறதா என்று என்னையே கேட்டார்.

“இல்ல சார். யாரும் இல்ல” என்றேன்.

இத்தனை மாதம் கேட்டும் சொல்லவில்லை என்று தெரிந்துவிடுமே என்ற பயம்தான் அன்றைக்கு இருந்தது.

கிளார்க்கு அன்று மழையில் நடந்தே சின்னமனூர் இறங்கி, பஸ் பிடித்துப் போயிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் ஆளில்லை. அப்பாவுக்கு நடந்ததேதான் அண்ணனுக்கும் நடந்தது.

மழை விட்ட பிறகு ஒரு ஞாயிறு நான் மேலே போனேன். போகாமல் இருந்தால் நானும் மனுஷனில்லை என்று நினைத்துக்கொண்டு போனேன், ஏதோ அப்போதுதான் மனுஷனாக ஆன மாதிரி. அவர் இன்னும் இளைத்திருந்தார். கம்பியை இறக்கி, எம்-சீலை உடைத்து, உச்சி இணைப்பை வெட்டிப் போட்டேன். பிளேடை எடுத்துச் சுரண்டினேன். பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவர், எதற்குச் சுரண்டுகிறேன் என்று கேட்டார். எனாமல் பூச்சைப் பற்றிச் சொன்னேன். வெட்டிப்போட்ட பழைய துண்டை எடுத்து அவர் விரலால் தடவிப் பார்த்தார். ஈய உருண்டை கழன்று அவர் கையோடு வந்தது. இரண்டு முனையிலும் பூச்சு அப்படியே பளபளவென்று இருந்தது.

“அன்னைக்கு மறந்துட்டேன் போல” என்றேன்.

அவர் துண்டைக் கீழே வைத்தார். பிறகு, “ஒரே ஒண்ணு கேக்குறேண்ணே. நீங்க பக்கத்துல இருக்கீக. ஒரு நாளாச்சும், மெல்லிசாவாச்சும், என் குரல் ஒங்களுக்குக் கேட்டுச்சா?” என்றார்.

“இல்ல தம்பி” என்றேன். அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“கேட்டிருந்தா ரிலே பண்ணியிருப்பீக” என்றார் அவர். எழுந்துபோய்க் கயிற்றை இழுத்தார். கிளம்பும்போது ஒரு பையில் ஏலக்காய் போட்டுக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

இப்போது அந்த லூப் அருமையாகப் பேசுகிறது. பள்ளத்தாக்கிலேயே அதுதான் நல்ல லூப் என்று வாத்தியார் சொல்கிறார். கட்டிக் கொடுத்தது நான் என்று எல்லாரிடமும் கிளார்க்கே சொல்லிவைத்திருக்கிறார். கூட்டத்தில் இப்போது எனக்கு மரியாதை ஜாஸ்தி. நான் செய்தது அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

தினமும் காலையில் ஏழடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே, கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், அவர் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார். பக்கத்து அறையில் இருந்து பேசுகிற மாதிரி அத்தனை தெளிவாகக் கேட்கும். கால்சைனைச் சொல்வார். பிறகு, “அண்ணே, நான்தேன். கேக்குதா?” என்பார்.

கூப்பிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பட்டனை அமுக்கி, கேட்கிறது என்று சொல்கிறேன்.